தைவான் விருந்தும் எங்கள் கருத்தும்

“தைவான் எங்கே இருக்கிறது?” என்று சென்ற ஆண்டு எங்களை யாராவது கேட்டிருந்தால், வகுப்பில் உள்ள 42 பேரில் பெரும்பாலோர் தலையைக் குனிந்துகொண்டிருப்போம். நிலப்படத்தில் சீனாவுக்கு அருகே ஒரு சிறு புள்ளி என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அதே தைவான் நாட்டாரின் கூட்டில் எழுந்த காலணி ஆலைக்கு, விடியற்காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு வேன் ஏறிச் செல்லும் அக்காமாரை நாங்கள் நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவர்களுள் சிலர் எங்கள் உடன்பிறந்தவர்கள். அக்காள் யாரிடம் வேலை பார்க்கிறாள் என்று தங்கைக்குத் தெரியாது. இது வெட்கப்பட வேண்டிய செய்தியா, இல்லையா?

இந்த வெட்கத்தில் பிறந்ததுதான் அக்டோபர் மாதம் எங்கள் பள்ளி வளாகத்தில் நாங்கள் நடத்திய தைவான் உணவு விழா. விழா முடிந்துவிட்டது, அதைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. “பொதுத்தேர்வு எழுதப் போகிற பெண்களுக்கு அடுப்படியில் என்ன வேலை?” என்கிறார்கள் சிலர். “நம் ஊர்க் கம்பங்கூழ் இருக்க, கடல் கடந்த பண்டம் எதற்கு?” என்கிறார்கள் வேறு சிலர். ஆகவே, விழாவை நடத்தியவர்கள் என்ற முறையில் எங்கள் எண்ணங்களை இந்த ஆண்டு மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம். எங்கள் குறைகளையும் மறைக்கப் போவதில்லை.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறோம். பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் சிப்காட் தொழிற்பூங்காவில் காலணிப் பூங்காவுக்கு 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்த ஆண்டே அங்கே முதல் ஆலை திறக்கப்பட்டது. உலகெங்கும் விற்கும் க்ராக்ஸ் காலணி, நம் மானாவாரிப் பருத்திக் காட்டுக்குப் பக்கத்தில் தயாராகிறது. அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில் தைவானின் டீன் ஷூஸ் நிறுவனத்துக்கு 2024 நவம்பர் 15 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். திருவண்ணாமலை மாவட்டம் செய்யாற்றிலோ இத்தகைய ஆலைகள் ஏறத்தாழ 20 ஆண்டுகளாக நடந்து வருகின்றன. இவற்றிலெல்லாம் வேலைக்குச் சேர்பவர்களில் பெரும்பான்மையோர் பெண்களே. எங்களில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போவோம், எத்தனை பேர் அந்த வேனில் ஏறுவோம் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே தைவான் எங்களுக்குப் புவியியல் பாடம் அன்று; வீட்டுச் சங்கதி.

எண்ணம் எப்படித் தோன்றியது என்றால், எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தியின் அக்காள் ஆலையில் வேலை செய்கிறாள். அங்கே இயந்திரத்தைப் பழக்கிக் கொடுக்க வந்த வெளிநாட்டு அம்மையார் ஒருவர், மதிய வேளையில் இவளுடைய தூக்கில் இருந்த ஜவ்வரிசிப் பாயசத்தைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்து, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாராம். படத்தில் கண்ணாடிக் குவளையில் பால் தேநீர். அதன் அடியில் கருகருவென்று நாவற்பழக் கொட்டை போல உருண்டைகள். “எங்கள் ஊரிலும் இதே” என்று சைகையால் சொன்னாராம். மறுநாள் அக்காள் இன்னொரு தூக்கில் பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தாள். இருவருக்கும் பொது மொழி ஒன்றுகூடக் கிடையாது. இந்தக் கதையை அவள் வகுப்பில் சொன்னபோது, “நாமும் அதைச் செய்து பார்த்தால் என்ன?” என்று யாரோ கேட்டோம். யார் கேட்டது என்று இப்போது நான்கு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள், அதை விட்டுவிடுவோம்.

ஆண்டுதோறும் அக்டோபரில் வரும் மறைபரப்பு ஞாயிறுக்காக ஒவ்வொரு வகுப்பும் ஏதேனும் விற்று நிதி திரட்டுவது எங்கள் பள்ளி வழக்கம். வழக்கமாகச் சுண்டல், முறுக்கு, குலுக்கல் சீட்டு. இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவியர் தைவான் விருந்து வைக்கிறோம் என்று தலைமைச் சகோதரியிடம் போய் நின்றோம். அவர் உடனே ‘ஆகட்டும்’ என்று சொல்லவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார்: யார் சமைப்பீர்கள், யார் கணக்கு எழுதுவீர்கள், மிஞ்சினால் என்ன செய்வீர்கள்? மூன்றாவது கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. போய் யோசித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது எண்ணிப் பார்த்தால், ஆசிரியைகள் முன்னின்று நடத்தி நாங்கள் தட்டு ஏந்தி நின்றிருந்தால் அந்தக் கேள்விகள் எங்கள் காதுக்கே வந்திருக்கமாட்டா. மாணவியர் விழாவை மாணவியரே நடத்த வேண்டும் என்று நாங்கள் வாதாடுவதற்கு இதுவே முதற் காரணம்.

அடுத்த இடர், தைவானியர் என்னதான் உண்கிறார்கள் என்பது. நூலகத்தில் தேடியும், கணினி அறையில் ஆசிரியை துணையோடு படித்தும் ஒரு பட்டியல் எடுத்தோம். பன்றி இறைச்சி, சிப்பி, நாற்றமடிக்கும் புளித்த சோயாக் கட்டி! வகுப்பில் பாதிப்பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். “இதையெல்லாம் சொன்னால் வீட்டில் விடமாட்டார்கள், அவர்கள் சைவம் என்றே எழுதி வைப்போம்” என்று ஒரு சாரார் கூறினர். நாங்கள் அதற்கு இசையவில்லை. ஒருவரைப் பற்றி நல்லதாகப் பொய் சொல்வதும் பொய்தானே? பிறகு விரிவாகப் படித்தபோது எங்களுக்கு ஒரு வழி கிடைத்தது. தைவானில் புத்த நெறியைப் பின்பற்றிப் புலால் உண்ணாதவர்கள் நிறையப் பேர் உண்டு. வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்காத உணவுக் கடைகள் ஊர்தோறும் உண்டு. பழைய உழவர் குடும்பங்கள் பலவற்றில் மாட்டிறைச்சி உண்ணமாட்டார்கள். தங்களோடு வயலில் உழைத்த மாட்டைத் தின்பதற்கு மனம் ஒப்பாதாம். இதை எங்கள் தாத்தாமாரிடம் சொன்னபோது, “பின்னே?” என்றார்கள், அதில் வியக்க என்ன இருக்கிறது என்பது போல. ஆகவே எங்கள் விருந்தில் காய்கறிப் பண்டங்கள் மட்டும் வைப்பது என்று முடிவு செய்து, ‘இவர்கள் இறைச்சியும் மீனும் மிகுதியாக உண்பவர்கள், நாங்கள் எங்களால் சமைக்க இயன்றதை மட்டும் வைத்திருக்கிறோம்’ என்று வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தோம்.

இனி எங்கள் விழாவின் அரசியாகிய முத்துத் தேநீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலும் தேயிலையும் கலந்த தேநீரில் மரவள்ளி மாவுருண்டைகளைப் போட்டுத் தருவது 1980-களில் தைவானில் தோன்றிய வழக்கம். தைச்சுங் நகரத்துக் கடையொன்றும் தைனான் நகரத்துக் கடையொன்றும் ‘நாங்கள்தான் முதலில் செய்தோம்’ என்று பத்தாண்டுகளாக வழக்காடின. இதை எவரும் செய்யலாம், யார் முதலில் செய்தார் என்று தீர்ப்பளிக்கத் தேவையில்லை என்று 2019-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் வகுப்பு நால்வரின் வழக்கையும் அந்த நீதிபதியிடமே அனுப்பலாம்!

அந்த முத்து வேறொன்றுமன்று, நம் ஜவ்வரிசியின் தமக்கை. சேலம், ஆத்தூர்ப் பக்கத்தில் எத்தனை சேகோ ஆலைகள்! இரண்டாம் உலகப் போரின்போது மலேயா, சிங்கப்பூரிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கைக்கொண்டு அதைச் செய்யத் தொடங்கினார்கள். 1981-இல் சேகோசெர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிழங்கைத் தோலுரித்து அரைத்துப் பாலெடுத்து, தெளியவைத்து, ஈரமாவைக் குலுக்கி மணியாக்கி, வறுத்துக் காயவைக்கிறார்கள். தைவானில் அதே மாவை வெல்லம் போன்ற பழுப்புச் சர்க்கரையோடு பிசைந்து பெரிதாக உருட்டுகிறார்கள். இன்னொரு புதுமையும் படித்தோம். தைவானை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் (1895–1945), 1920-களில் அசாம் தேயிலையை அங்கே கொண்டுபோய்ப் பயிரிட்டார்களாம். அப்படியானால் அந்தக் குவளையில் தேயிலையும் நம் நாட்டு வழித்தோன்றல். கிழங்கு மட்டும் இருவருக்கும் பொதுவாகத் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. எது உள்ளூர்ப் பண்டம், எது வெளியூர்ப் பண்டம் என்று கோடு கிழிப்பவர்கள் இந்தக் குவளைக்குள் எங்கே கிழிப்பார்கள்?

பெருமையாக எழுதுகிறோமே தவிர, முதல் நாள் ஒத்திகையில் நாங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. ஒருத்தியின் தாய்மாமன் ஆத்தூரிலிருந்து 10 கிலோ மரவள்ளி மாவு வாங்கி அனுப்பியிருந்தார். வெல்லத்தைக் கரைத்து, கை பொறுக்கும் சூட்டில் மாவில் ஊற்றிப் பிசைந்தோம். அம்மாடி! பிடித்தால் கல்லாக இருக்கிறது. கையைத் திறந்தால் மோர் போல் வழிந்து ஓடுகிறது. குத்தினால் விரல் நோகிறது. சும்மா வைத்தால் விரல் முழுகுகிறது. 2 கிலோ மாவு பாழ். ஒருத்தி அழுதேவிட்டாள். அந்த நேரத்தில் அங்கே வந்த அறிவியல் ஆசிரியை அதைப் பார்த்துக் கோபிக்காமல், மாவுச்சத்து கொழகொழப்பாகிப் பிடிப்புக் கொள்ள ஏறத்தாழ 65 முதல் 70 டிகிரி வெப்பம் வேண்டும், உங்கள் வெல்லத் தண்ணீருக்கு அந்தச் சூடு இல்லை என்று விளக்கினார். விடுதிச் சமையலம்மாவோ டிகிரி எதுவும் சொல்லவில்லை. “கொழுக்கட்டைக்குப் பச்சைத் தண்ணியிலயா மாவு பிசைவீங்க? பாகு தளதளன்னு கொதிக்கணும் கண்ணுங்களா” என்றார், அவ்வளவுதான். கொதிக்கும் பாகில் பாதி மாவைப் போட்டுக் கிளறி, அடுப்பைவிட்டு இறக்கி, மீதி மாவைச் சேர்த்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தொட்டுப் பிசைந்தால் சப்பாத்தி மாவு போல் திரண்டு வந்தது. சீடை அளவுக்கு உருட்டி, ஒட்டாமல் இருக்க மேலே மாவு தூவி முறத்தில் பரப்பினோம். நிறையத் தண்ணீரில் கால் மணிக்கு மேல் கொதிக்கவிட்டு, மூடி வைத்து இன்னுமொரு கால் மணி. பிறகு பாகில் ஊற வேண்டும்.

இதில்தான் திட்டமிடுவது என்றால் என்னவென்று கற்றுக்கொண்டோம். வெந்த முத்து நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் தாங்காது, இறுகிப்போகும். முதல் நாளே செய்து வைத்துவிட்டு மறுநாள் நல்லுடை உடுத்திக்கொண்டு நிற்கலாம் என்ற எங்கள் கனவு கலைந்தது. ஆகவே உருட்டுவது வெள்ளிக்கிழமை மாலை, வேகவைப்பது சனிக்கிழமை மணிக்கொரு ஈடு என்று பிரித்துக்கொண்டோம். உருட்டுகிறவர்கள் 14 பேர், கொதிக்கவைக்கிறவர்கள் 4 பேர், அந்த நால்வருக்கும் சமையலம்மா மேற்பார்வை. எல்.கே.ஜி., யு.கே.ஜி. குழந்தைகளுக்கு முத்து தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்பதால் அவர்களுக்குச் சாதாரண ஜவ்வரிசி மட்டும். ஐஸ் போடுவதில்லை, மீனுக்குப் போடும் பாளத்தைத் தேநீரில் போடலாமா? சூடாகவே கொடுத்தோம். ஞெகிழி உறிஞ்சுகுழல் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. அதே 2019-இல் தைவானிலும் கடைக்குள் அமர்ந்து குடிப்பவர்களுக்கு அதைத் தடுத்துவிட்டார்கள் என்று படித்தபோது எங்களுக்கு ஒரு தெம்பு. வீட்டிலிருந்து அவரவர் எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் கொண்டுவரச் சொல்லிவிட்டோம்.

மற்றப் பண்டங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து மசித்து, மரவள்ளி மாவும் சர்க்கரையும் சேர்த்து உருட்டி, சிறு தீயில் பொரிக்கும்போது ஜல்லிக்கரண்டியால் அமுக்கி அமுக்கி விட்டால் உள்ளே காற்றுப் புகுந்து பந்து போல் உப்புகிறது. இது பார்க்கவே வேடிக்கை. இந்த அடுப்பைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். வெங்காயத்தாள் அடை, நம் பரோட்டாவின் ஒன்றுவிட்ட தம்பி. வெந்நீரில் பிசைந்த மைதாவில் எண்ணெய் தடவி, வெங்காயத்தாளைத் தூவிச் சுருட்டி, வட்டமாகச் சுற்றித் தட்டிச் சுடுவது. சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன செட்டிகுளம் நம் மாவட்டத்தில் இருக்க, தாளுக்குப் பஞ்சமா? மக்காச்சோளம் பெரம்பலூரில் கொட்டிக் கிடக்கிறதே, சுட்டு விற்கலாம் என்று எண்ணினோம். ஆனால் நம் காட்டுச் சோளம் பெரும்பாலும் நாமக்கல் பக்கத்துக் கோழித் தீவனத்துக்குப் போவது. பிஞ்சாகப் பொறுக்கி எடுக்காவிட்டால் பல் உடையும். இதைக் கண்டுபிடித்ததும் எங்கள் பற்கள்தான்.

கடலைமிட்டாய்ச் சுருளைப் பற்றி மட்டும் ஒரு சொல். தைவானில் தலையணை போன்ற பெரிய கடலைமிட்டாய்ப் பாளத்தைத் தச்சர் வைத்திருக்கும் இழைப்புளியால் சீவுகிறார்கள். அந்தத் துருவலை மெல்லிய ரொட்டியில் பரப்பி, ஐஸ்கிரீம் வைத்து, அதன்மேல் பச்சைக் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டுச் சுருட்டுகிறார்கள். இனிப்பில் கொத்தமல்லியா என்று எல்லாரும் சிரித்தார்கள். நாங்கள் ஐஸ்கிரீமை விட்டுவிட்டு, கடலைமிட்டாயை உரலில் இடித்து, மெல்லிய சப்பாத்தியில் கொத்தமல்லியோடு சுற்றிக் கொடுத்தோம். தின்று பாராமல் சிரித்தவர்கள் தின்ற பின் இரண்டாவது கேட்டார்கள். உங்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால் வீட்டில் செய்து பாருங்கள்.

இப்போது எங்கள் குறையைச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. விருந்தோடு ஒரு சிறு நாடகமும் வைப்பதாக இருந்தோம். அதில் தைவானியராக நடிப்பவர்கள் கண்மையால் கண்ணை இழுத்து வரைந்துகொண்டு, ‘சிங் சாங்’ என்று ஏதோ உளறுவதாக எழுதியவர்கள் வேறு யாருமல்லர், நாங்களேதான். ஒத்திகையில் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிக்காதவள் ஒருத்தி, அந்த அக்காளின் தங்கை. “எங்க அக்கா அந்த அம்மாவைக் கூட்டிட்டு வரலாமான்னு கேட்டிருக்கா. அவங்க வந்தா இதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்களா?” என்று கேட்டாள். சிரிப்பு அடங்கிவிட்டது. எங்களைக் கருப்பு என்றும் எண்ணெய்த் தலை என்றும் கேலி செய்து எங்கோ ஒரு பள்ளியில் நாடகம் போட்டால் நாங்கள் பொறுப்போமா? நாடகத்தைக் கிழித்துப் போட்டோம். அதை நாங்களாக உணர்ந்து நிறுத்தவில்லை, ஒருத்தி சொல்லித்தான் நிறுத்தினோம் என்பதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது. பிற நாட்டு விழா நடத்த எண்ணும் வகுப்புகளுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: அந்த நாட்டார் ஒருவர் முன் வரிசையில் அமர்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் திட்டமிடுங்கள். அந்த அம்மையாருக்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லை, வரவில்லை. ஆயினும் அந்த நாற்காலி எங்களுக்குப் பயன்பட்டது.

விழா நாளன்று நடந்தவற்றுள் பாதி எங்கள் திட்டத்தில் இல்லாதவை. தைவானில் இத்தகைய பண்டங்கள் இரவுச் சந்தையில் விற்கப்படுபவை. தைப்பேயின் ஷிலின் சந்தை புகழ்பெற்றது. நாங்களும் ‘இரவுச் சந்தை’ என்று பெயர்ப்பலகை எழுதி, சிவப்புக் காகிதக் கூடுகள் தொங்கவிட்டோம். ஆனால் வெளியூர் மாணவியர் ஐந்து மணிப் பேருந்தைப் பிடித்தாக வேண்டுமே! எனவே எங்கள் இரவுச் சந்தை பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கியது. இரண்டே காலுக்கு ஐப்பசி மழை. காகிதக் கூடுகளின் சாயம் எங்கள் வெள்ளைச் சீருடையில். அடுப்புகளை மட்டும் கொட்டகையில் விட்டுவிட்டு, மேசைகளைத் தாழ்வாரத்துக்குத் தூக்கினோம். மழையில் நிழல் கவிந்து, விளக்கு ஏற்ற வேண்டியதாயிற்று. அப்போதுதான் அது உண்மையிலேயே இரவுச் சந்தை போலிருந்தது என்று சமூக அறிவியல் ஆசிரியை சொன்னார். ஆறுதலுக்காகச் சொன்னாரோ என்னவோ.

ஆனால் அன்று எங்கள் மனத்தில் தைத்தது மழை அன்று. பண்டம் ஒன்றுக்கு ஐந்து ரூபாய், முத்துத் தேநீருக்குப் பத்து ரூபாய் என்று டோக்கன் விற்றோம். மலிவு என்றே எண்ணினோம். நான்கு மணி சுமாருக்கு, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் டம்ளரையும் கரண்டியையும் கையில் வைத்துக்கொண்டு தூணோரம் நெடுநேரம் நிற்பதை எங்களில் ஒருத்தி பார்த்தாள். டம்ளர் கொண்டுவரச் சொன்னோம், கொண்டுவந்திருக்கிறாள். டோக்கன் வாங்கப் பணம் இல்லை. விடுதியில் அவளைப் போல் இன்னும் பலர் இருந்தார்கள். அவர்கள் தாழ்வாரத்துக்கே வரவில்லை. அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தோம். அவள் குடித்தாள், ஆனால் தலைநிமிர்ந்து குடிக்கவில்லை. எல்லார் முன்னாலும் கூப்பிட்டுக் கொடுத்தது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று பிறகுதான் விளங்கியது.

இதைப் பற்றி எங்கள் வகுப்பில் இன்றுவரை வாதம் நடக்கிறது. அடுத்த முறை பள்ளியில் உள்ள ஒவ்வொருவருக்கும், பணக்கார வீட்டுப் பெண் ஆனாலும் விடுதிப் பெண் ஆனாலும், ஒரு தேநீர் டோக்கனை முன்னதாகவே வகுப்பில் வைத்துக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் வேண்டுவோர் வாங்கிக்கொள்ளட்டும் என்பது எங்களில் பெரும்பாலோர் கருத்து. “அப்படியானால் மறைபரப்பு நிதிக்கு என்ன மிஞ்சும்?” என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கேள்வியும் தள்ளத்தக்கதன்று. செலவு 6,480 ரூபாய், வரவு 9,215 ரூபாய், மிச்சம் 2,735. எல்லாருக்கும் ஒரு டோக்கன் கொடுத்திருந்தால் மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் எங்கோ இருக்கும் ஏழைக்கென்று திரட்டுவதற்காகத் தூணோரத்து ஏழையை நிறுத்தி வைப்பது எந்தக் கணக்கில் சேரும்? நாங்கள் கேட்கிறோம், பெரியவர்கள் சொல்லட்டும்.

கம்பங்கூழ்க் கட்சியாருக்கு ஒரு விடை சொல்லி முடிக்கிறோம். அவர்கள் கவலை பொய்யன்று. 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று உலகமே கொண்டாடியபோது எங்கள் வகுப்பில் கேழ்வரகு அடை சுடத் தெரிந்தவர்கள் ஐந்து பேர்கூட இல்லை. நூடுல்ஸ் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதைக் கெடுத்தது இந்த விழாவா? இங்கே நாங்கள் பொட்டலத்தைப் பிரித்துக் கொதிநீரில் போடவில்லை. கிழங்கையும் கடலையையும் வெங்காயத்தாளையும் எங்கள் ஊர்க் காட்டிலிருந்தும் கடையிலிருந்தும் எடுத்து, எங்கள் ஊர்ச் சமையலம்மாவிடம் கேட்டுச் செய்தோம். கொழுக்கட்டை மாவின் நுட்பம் எங்களுக்குத் தைவானால்தான் தெரிய வந்தது என்றால் நகைப்பீர்களா?

வந்தவர்களின் உணவை அறிவதும், வந்தவர்கள் நம் உணவை ஏற்பதும் இந்த மண்ணுக்குப் புதிதுமன்று. இத்தாலியில் 1680-இல் பிறந்து 1710-இல் நம் நாட்டுக்கு வந்த வீரமாமுனிவர், அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்குக் கோவில் எழுப்பியவர். அவர் நம்மவரைப் போல் உடுத்திப் புலால் நீக்கி உண்டார் என்பது யாவரும் அறிந்ததே. அதற்கும் முன்னே, கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய இராசேந்திர சோழனின் தூதர்கள் 1033-இல் சீனத்துக்குச் சென்றார்கள். சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. தமிழ் வணிகர் அங்கே சிவன் கோவிலே கட்டியிருந்தார்கள். இன்று தைவானில் வாழ்வோருள் மிகப் பலருடைய முன்னோர் அந்தச் சுவான்சௌ பக்கத்திலிருந்து கடல் கடந்து குடியேறியவர்கள். எங்கள் ஊர்ச் செட்டியார் யாரேனும் அந்தத் துறைமுகத்தில் என்ன உண்டார், ஊர் திரும்பி வீட்டில் என்ன சொன்னார் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அந்தப் பிழையை நாங்கள் செய்யவில்லை.

160 பக்க நோட்டு ஒன்றில் எல்லா அளவுகளையும், வாங்கிய கடைகளையும், யார் யார் எந்த வேலைக்குச் சோம்பினோம் என்பதையும்கூட எழுதி, ஒன்பதாம் வகுப்புத் தங்கைமாரிடம் ஒப்படைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு வேறு நாட்டை எடுக்க விரும்பினால் எடுக்கட்டும். வியட்நாம் என்று இப்போதே பேச்சு அடிபடுகிறது. நோட்டின் முதல் பக்கத்தில் ‘பாகு கொதிக்க வேண்டும்’ என்று சிவப்பு மையால் இருமுறை அடிக்கோடிட்டிருக்கிறோம். கடைசிப் பக்கத்தில் டோக்கன் வாதத்தின் இரு தரப்பையும் எழுதி, கீழே பாதிப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறோம். விடுதிச் சமையலறையின் ஜல்லிக்கரண்டிகள் இரண்டு இன்னும் கிடைக்கவில்லை. எடுத்தவர்கள் யாராயிருந்தாலும் சமையலம்மாவிடம் நேரில் கொடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர்